டைமிங் செயினும் பூட்டி வெச்ச புத்தகமும்

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். இது "எஞ்சினைப் பிரிப்பது எப்படி" டைப் பதிவு இல்லை. அதுக்கு வீடியோ ஆயிரம் கொட்டிக் கிடக்கு. என் கட்சி இதுதான்: ஒரு சிங்கிள் சிலிண்டர் பைக்கோட டைமிங் செயினை வீட்டு வாசல்ல உட்கார்ந்தே மாத்தலாம். அதுக்கு வேண்டிய முக்கியமான சாமான் அந்த வண்டியோட சர்வீஸ் மேனுவல். அந்தப் புத்தகத்தை வண்டி வாங்கினவன் கண்ணுலயும் தெருமுனை மெக்கானிக் கண்ணுலயும் படாம வெச்சிருக்கறது அநியாயம். கொஞ்சம் நீளமா புலம்பப் போறேன், ஆணி அதிகம் இருக்கறவங்க அப்புறமா வாங்க :-)

மேட்டர் என்னன்னா, போன தீபாவளி லீவுல ஊருக்குப் போனப்போ அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல இந்த வேலையைப் பண்ணேன். 2006 மாடல், ஹீரோவும் ஹோண்டாவும் ஒண்ணா குடித்தனம் பண்ணின காலத்து வண்டி. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யைப் புதுப்பிச்சு இன்னும் ஓடிட்டிருக்கு. அப்பா விழுப்புரம் பக்கத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல க்ளார்க். தினம் போக வர 22 கிலோமீட்டர். வண்டி கரகரன்னு கத்த ஆரம்பிச்சதும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய் விட்டிருக்கார். அங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கூட முழுசா கேக்காம, "சார், பிளாக் பிஸ்டன் கிட், டைமிங் செயின் கிட், ஹெட் வேலை, லேபர், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எண்ணூறு"ன்னு ஒரு சீட்டைக் கொடுத்திருக்காங்க. அப்பா அந்தச் சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, "வித்துடலாம்டா, இனிமே பஸ்ல போயிக்கிறேன்"னுட்டார். அவர் ஸ்கூல் இருக்கற பக்கம் காலையில ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். அதுவும் வந்தா உண்டு.

நான் மாத்தப் போறேன்னு சொன்னதும் மூணு விதமான ரியாக்‌ஷன். ஆபீஸ் நண்பர்கள்: "பொட்டி தட்டறவனுக்கு எதுக்குய்யா ஸ்பேனர்?" மாமா: "செயின் லூஸா இருந்தா பின் வீலைத் தள்ளி டைட் வெச்சா போச்சு, இதுக்கு எதுக்கு எஞ்சினைப் பிரிக்கணும்?" அம்மா: "பழனி மாமா பையன் மாதிரி பிரிச்சுட்டு கோணியில கட்டி வெக்கப் போறான்." அம்மா சொன்னதுல நியாயம் இருக்கு. எல்லார் குடும்பத்துலயும் கோணியில கட்டின ஒரு எஞ்சின் இருக்கும்.

மாமாவுக்குச் சொன்ன பதிலையே இங்கயும் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. பின் சக்கரத்தை இழுக்கறது வேற செயின். டைமிங் செயின் எஞ்சின் வயித்துக்குள்ள, ஆயில்ல குளிச்சுக்கிட்டு ஓடறது. கீழ கிராங்க் சுத்துது, மேல ஹெட்ல கேம் சாஃப்ட் சுத்துது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். பிஸ்டன் மேல வரும்போது வால்வ் வழி விட்டு ஒதுங்கி இருக்கணும். இந்த ரெண்டு பேரையும் கட்டிப் போட்டு வெச்சிருக்கறது இந்தச் செயின். கிராங்க் நிமிஷத்துக்கு 5000 சுத்துன்னா நொடிக்கு 83 சுத்து. அத்தனை வேகத்துலயும் ஒரு பல் கூட தவறக் கூடாது. தவறினா? கேம் ஸ்பிராக்கெட்ல 28 பல்லுன்னு வெச்சுக்கங்க, ஒரு பல் தள்ளினா கேம் கிட்டத்தட்ட 13 டிகிரி தள்ளும், கிராங்க் கணக்குல 26 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகவே மக்கர் பண்ணும். செயின் அறுந்தே போச்சுன்னா நிறைய எஞ்சின்கள்ல வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் நிஜமாவே ஹெட் வேலைதான்.

(கரெண்ட் டைமிங்கும் இதுதான்னு சிலர் நினைக்கறாங்க. இந்த வண்டியில ஸ்பார்க் எப்ப வரணும்கறதை மேக்னெட் பக்கத்துல இருக்கற பல்சர் காயில் பார்த்துக்குது. செயின் தேய்ஞ்சாலும் ஸ்பார்க் நேரத்துக்கு வந்துரும். வால்வ்தான் லேட்டா வரும்.)

ஆர்எக்ஸ் 100 வெச்சிருந்த அண்ணன்மார்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டூ ஸ்ட்ரோக்ல கேமும் இல்லை, வால்வ் டைமிங்குக்கு செயினும் இல்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்ல கேமை ஓட்டறது பல் சக்கரங்கள். அது அது தனிக் கதை.

நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கறது சாப்ட்வேர். நம்ம ஊர்ல இது ஒரு ஜாதி. வால்வ் டைமிங் டயகிராம் படத்தை 16 மார்க் கேள்விக்கு எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன்! வட்டம் போட்டு, "வால்வ் இங்க திறக்கும், இங்க மூடும்"னு அம்புக்குறி போட்டு, கலர் பென்சில்ல அழகு பண்ணி. காலேஜ் லேப்ல பாதியா அறுத்த எஞ்சின் ஒண்ணு பச்சையும் சிவப்புமா பெயிண்ட் அடிச்சு நிக்கும். நாலு வருஷத்துல அதைத் துடைச்ச அட்டெண்டரைத் தவிர யாரும் தொட்டதில்லை. அந்த 16 மார்க் படத்துல இருக்கற விஷயம் ஒரு இரும்புச் சக்கரத்துல "டி"ன்னு ஒரு எழுத்தாவும், இன்னொரு சக்கரத்துல ஒரு சின்ன வட்டமாவும் குத்தி வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சது இந்தத் தீபாவளிக்குத்தான்.

சரி, செயின் ஏன் கத்துது? "செயின் நீண்டு போச்சு"ன்னு எல்லாரும் சொல்றோம். இரும்பு ரப்பர் மாதிரி இழுபடறதில்லை. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கற பின்னும் அதோட ஓட்டையும் கொஞ்சம் கொஞ்சமா தேயுது. சின்ன பைக் டைமிங் செயின்ல ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் இடையில பொதுவா 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். 80 கண்ணின்னு வெச்சா மொத்தம் 508 மி.மீ. ஒவ்வொரு கண்ணியும் ஒரு மி.மீ.ல நூத்துல ரெண்டு பங்கு தேய்ஞ்சாலே மொத்தத்துல 1.6 மி.மீ. கூடிரும். இழுக்கற பக்கத்துக்கு அதுல பாதின்னு பார்த்தா கேம் நேரம் கிராங்க் கணக்குல 3 டிகிரி பின்னாடி போயிருக்கும். மைலேஜ் ஏதோ இடிக்குது, பிக்கப் முன்ன மாதிரி இல்லைன்னு தோணும், ஆனா என்னன்னு சொல்லத் தெரியாது.

தேய வைக்கறதுல முதல் குற்றவாளி ஆயில். இந்த வண்டிக்குள்ள இருக்கற ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்த அரைப்படி ஆயில்தான் செயினுக்கும் பிஸ்டனுக்கும் கியர் பாக்ஸுக்கும் கிளட்சுக்கும். அது கரியாகி தார் மாதிரி ஆனப்புறமும் "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்"னு ஓட்டினா, கரித்துகள் எல்லாம் செயின் பின்னுக்குள்ள போய் உப்புத்தாள் வேலை பார்க்கும். விளம்பரத்துல "டைமிங் செயின், பெல்ட் மாதிரி மாத்தவே வேண்டாம், லைஃப்டைம்"னு போடுவாங்க பாருங்க, யாரோட லைஃப்னு கேட்டுப் பாருங்க. ஆயில் ஒழுங்கா மாத்தின வண்டியோட லைஃப் வேற, மாத்தாத வண்டியோட லைஃப் வேற. செயினுக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லலாம். சாகா வரம்னு சொல்றது பொய்.

இப்ப ஹீரோ என்ட்ரி. எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன். வயசு ஐம்பதுக்கு மேல. வண்டியைக் கேட்டுட்டு (பார்த்துட்டு இல்லை, கேட்டுட்டு) ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரோட நுனியை எஞ்சின் இடது பக்க கவர்ல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக்கிட்டார். டாக்டர் ஸ்டெத் வெக்கற மாதிரியே.

"தம்பி, பிஸ்டன் நல்லா இருக்கு. பொகை விடுதா? இல்ல. ஆயில் குறையுதா? இல்ல. அப்புறம் எதுக்கு பிளாக்கைப் பிரிக்கணும்? சத்தம் செயின்லகூட பாதிதான், மீதி ரப்பர்ல. ரோலர் செத்துருக்கும்."

அந்த ரப்பர் விஷயம் எனக்குத் தெரியாது. இந்த எஞ்சின்ல செயினை இறுக்கிப் பிடிக்க ஒரு கை மாதிரி டென்ஷனர். அதோட முனையில ரப்பர் ரோலர். அந்தக் கையைக் கீழேர்ந்து தள்ளறதுக்கு ஒரு ஸ்பிரிங்கும் ஒரு கம்பியும், கம்பித் தலையிலயும் ஒரு ரப்பர். நடுவுல செயின் ஆடாம இருக்க இன்னொரு ரோலர். பதினஞ்சு வருஷம் சூட்டுலயும் ஆயில்லயும் கிடந்த ரப்பர் கல்லாயிடும். செயின் அதுல பள்ளம் போட்டுரும். அப்புறம் புது செயின் போட்டாலும் கத்தும். மொத்தச் செலவுல ரொம்ப சல்லிசான பொருள் இந்த ரப்பர்கள்தான். ஆறாயிரத்து எண்ணூறு சீட்டுல அதுக்குத் தனியா வரியே இல்லை.

நான் அண்ணன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அண்ணே, நானே பண்றேன், நீங்க பக்கத்துல இருந்து பார்த்தா போதும். இதுக்கு ஏதாவது புக் இருக்கா?" அவர் சிரிச்சுக்கிட்டே உள்ள போய், டியூப் பெட்டிகளுக்கு அடியில இருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வந்தார். ஜெராக்ஸ். ஜெராக்ஸோட ஜெராக்ஸ். அட்டை இல்லை, முதல் ஏழு பக்கம் இல்லை, மேனுவல்னு சொல்றதை விட ஆயில் உறிஞ்சின காகிதம்னு சொல்லலாம். எப்பவோ ஒரு ஷோரூம்ல வேலை பார்த்த பையன் கொடுத்ததாம். "இருபது வருஷமா என் பைபிள், குரான், கீதை எல்லாம் இதான் தம்பி. ஜாக்கிரதை." அதுல டைமிங் செயின் பக்கத்துல "டி" மார்க் படம் மட்டும் பளிச்னு இருந்தது. யாரோ பால்பாயிண்ட் பேனாவால அதை மேல வரைஞ்சு தடிமன் ஆக்கி வெச்சிருக்காங்க.

மெட்ராஸ்ல இருக்கும்போதே ஒரு டீலர்கிட்ட போய் சர்வீஸ் மேனுவல் விலைக்குக் கிடைக்குமான்னு கேட்டிருந்தேன். கவுண்டர்ல இருந்தவர் என்னை ஏதோ கிட்னி கேட்ட மாதிரி பார்த்தார். "அதெல்லாம் எங்களுக்கு மட்டும் சார்." காசு கொடுத்து வாங்கறேன்னு தானே சொல்றேன்? இலவசமா கேக்கலையே! வண்டியோட வர்ற ஓனர்ஸ் மேனுவல்ல என்ன இருக்கு? ஹெல்மெட் போடுங்க, காத்து பாருங்க, மீதிக்கு எங்ககிட்ட வாங்க.

ஜி.பி. ரோட்டுல செயின், டென்ஷனர் ரோலர், நடு ரோலர், கம்பி ரப்பர், ஸ்பிரிங், கேஸ்கெட், சீல் எல்லாம் வாங்கினேன். ஆயிரத்துக்குள்ள முடிஞ்சது, ஆயில் தனி. கம்பெனி பாக்கெட்டா கேட்டு வாங்குங்க. தராசுல போட்டு விக்கற மாதிரி லூஸ்ல தொங்கற செயின் பாதி விலைதான், ஆனா உள்ள போறது எங்கன்னு யோசிச்சுக்கங்க.

வேலையைப் பத்தி எல்லாத்தையும் சொல்லப் போறதில்லை. ஆயிலை வடிச்சு, இடது பக்க கவரைக் கழட்டி, மேக்னெட்டை எடுத்து, அதுக்குப் பின்னாடி இருக்கற பிளேட்டை எடுத்தா செயின் தெரியும். மேல ஹெட்ல வட்டமா ஒரு கவர், அதைத் திறந்தா கேம் ஸ்பிராக்கெட். ஹெட்டையோ பிளாக்கையோ இந்த வண்டியில தொடவே வேண்டாம். இந்த ஒரு வரி அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா அந்தச் சீட்டை அங்கயே திருப்பிக் கொடுத்திருப்பார்.

மூணு விஷயம் மட்டும் சொல்றேன். ஒண்ணு, மேக்னெட்டை சுத்தியலால தட்டி எடுக்காதீங்க. அதுக்குன்னு புல்லர் இருக்கு, சின்னது, கைக்கு அடக்கமா. அண்ணன் கடையில கேட்டா தருவார். தட்டினா காந்தமும் போகும், கிராங்க் முனையும் போகும். நான் பார்த்த பல வீடியோவுல தலைவருங்க "டமால் டமால்"னு அடிக்கறாங்க, லைக்கும் வாங்கறாங்க.

அடுத்தது மார்க். மேக்னெட்ல இருக்கற "டி" கோடு எஞ்சின் பாடியில இருக்கற வெட்டுக்கு நேரா நிக்கணும். அதே நேரம் கேம் ஸ்பிராக்கெட்ல இருக்கற வட்டம் ஹெட்ல இருக்கற வெட்டுக்கு நேரா நிக்கணும். ஆனா "டி" மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க, ஏன்னா கேம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள "டி" ரெண்டு தடவை வரும். அதுல ஒண்ணுலதான் ரெண்டு டேப்பெட்டும் லூஸா ஆடும், அதுதான் நமக்கு வேண்டியது. பழசைக் கழட்டறதுக்கு முன்னாடியே இந்த நிலையில கொண்டு வந்து வெச்சுட்டா பாதி கவலை குறையும். வெள்ளை பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சுக்கலாம். ஒரு போட்டோவும் எடுத்துக்கங்க.

மூணாவது எல்லாத்தை விட முக்கியம். செயின் மாட்டி, டென்ஷனர் மாட்டி முடிச்சதும் கவரை மூடிடாதீங்க, கிக்கரை உதைக்காதீங்க. மேக்னெட் நட்டைப் பிடிச்சு, எஞ்சின் ஓடற திசையில, இடது பக்கமிருந்து பார்த்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம், கையால மெதுவா ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. மறுபடியும் ரெண்டு மார்க்கும் ஒண்ணா வந்து நிக்கணும். நடுவுல எங்கயாவது இரும்பு இரும்போட முட்டின மாதிரி கெட்டியா நின்னா, அமுக்காதீங்க. நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து. கம்ப்ரஷன் கொடுக்கற எதிர்ப்பு தலகாணி மாதிரி மெத்துன்னு இருக்கும், முட்டறது சுவர் மாதிரி இருக்கும். கைக்கே வித்தியாசம் தெரியும். நம்ம தொழில்ல ப்ரொடக்‌ஷனுக்குத் தள்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்றோம்ல, அதே கதை. இங்க ரோல்பேக் கிடையாதுங்கறதுதான் வித்தியாசம்.

பழைய செயினையும் புது செயினையும் ஒரே ஆணியில பக்கத்துல பக்கத்துல தொங்கவிட்டுப் பார்த்தோம். பழசு நாலு மி.மீ. கீழ இறங்கி நின்னுச்சு. செயின் வளையமா தொங்கறதால நீளத்துல அது எட்டு. ரோலர்ல செயின் போட்ட பள்ளத்துல என் நகம் உள்ள போச்சு. அப்பா ரெண்டையும் மாத்தி மாத்தி பார்த்துட்டு, "இவ்ளோதானா?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியிலதான் இந்தப் பதிவு ஆரம்பிச்சது.

இப்ப என் புலம்பலுக்கு வர்றேன்.

"நீ பண்ணிட்டா மெக்கானிக் பொழப்பு என்னாகறது?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனா நான் மேனுவல் கேக்கறதுல யாரோட பொழப்பு போகுது? என்னை மாதிரி கிறுக்கன் நூத்துக்கு ஒருத்தன். மீதி தொண்ணூத்தொம்பது பேரும் வண்டியை யார்கிட்டயாவது கொடுக்கத்தான் போறாங்க. கேள்வி, தெருமுனைக்குக் கொடுக்கறாங்களா, கண்ணாடி வெச்ச ஏசி ஹாலுக்குக் கொடுக்கறாங்களாங்கறது. அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன். அவர் கவலையே வேற.

"பழைய வண்டி வர்ற வரைக்கும் எனக்கு சோறு உண்டு தம்பி. இப்ப வர்ற வண்டியெல்லாம் இன்ஜெக்‌ஷன். மீட்டர்ல லைட்டு எரியுதுன்னு வர்றாங்க. என்ன லைட்டுன்னு படிக்க மிஷின் வேணும். மிஷின் எனக்குத் தர மாட்டாங்க. வெளிய விக்கற மிஷின் பாதி வண்டிக்கு வேலை செய்யல. ஷோரூமுக்குப் போங்கன்னு நானே அனுப்பறேன்."

2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்-6 வந்தப்புறம் பெரும்பாலான புது பைக்குகள்ல கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தாச்சு. புகை குறையணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா புகை குறையறதுக்கும் ஃபால்ட் கோடு என்னன்னு மறைச்சு வெக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? முப்பது வருஷம் காதால வண்டி பார்த்த மனுஷன் ஒரு நாலு இலக்க நம்பர் தெரியாததால கஸ்டமரைத் திருப்பி அனுப்பறார். சோ, புத்தகத்தைப் பூட்டறதுல ஓனரும் மெக்கானிக்கும் ஒரே பக்கம்தான் நிக்கறாங்க. இதைப் புரிஞ்சுக்காம நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கோம்.

இது என்னோட தனிப் புலம்பல் இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. காரணம்? ஸ்பேர் பார்ட்ஸையும், ஃபால்ட் பார்க்கற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம பண்ணாங்கன்னுதான். "அறிவுசார் சொத்துரிமை"ன்னு கம்பெனிகள் சொன்ன சாக்கை ஆணையம் ஏத்துக்கலை. அப்புறம் அப்பீல், கோர்ட்னு அது நம்ம ஊர் வழக்கப்படி இழுத்துக்கிட்டுப் போச்சு. அதுவும் கார்களுக்கு. பைக்கைப் பத்தி அங்க பேச்சே இல்லை. இந்த நாட்டுல காரை விட எத்தனை மடங்கு பைக் ஓடுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, சிக்னல்ல நின்னு பாருங்க.

2022 ஜூலைல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்குன்னு ஒரு குழு போட்டாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம்னு நாலு துறை. அதே வருஷம் டிசம்பர் 24-ல ஒரு இணைய தளமும் திறந்தாங்க. கம்பெனிகள் தங்களோட மேனுவல், வாரண்டி விவரம் எல்லாம் அங்க வெக்கணும்னு எண்ணம். நல்ல எண்ணம். ஆனா எண்ணத்தை வெச்சு மேக்னெட்டைக் கழட்ட முடியாது. சட்டமா வந்தாத்தான் அது கையில பிடிக்கற சாமான்.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்க 2012 நவம்பர்ல ஓட்டுப் போட்டே இதை வாங்கினாங்க. டீலருக்குக் கொடுக்கற ரிப்பேர் விவரத்தையும் கருவிகளையும் ஓனருக்கும் வெளிக் கடைக்கும் நியாயமான விலைக்குக் கொடுக்கணும்னு. ஒரு மாநிலத்துக்கு ஒரு விதி வெச்சுக் கட்டுபடி ஆகாதுன்னு 2014-ல கம்பெனிகள் நாடு முழுக்க அதே மாதிரி ஒப்பந்தம் போட்டாங்க. டொயோட்டா மாதிரி கம்பெனிகளோட ரிப்பேர் மேனுவலை அங்க ரெண்டு நாள் சந்தா கட்டியே படிக்கலாம். அங்க கொடுத்தா கம்பெனி மூழ்கிடலை, இங்க கொடுத்தா மட்டும் மூழ்கிடுமா?

கம்பெனிக்காரங்க சொல்ற ஒரே வலுவான வாதம் பாதுகாப்பு. "தெரியாதவன் கை வெச்சா விபத்தாகும்." எனக்கும் இதுல பாதி உடன்பாடு. எல்லாத்தையும் வீட்டுல பண்ணலாம்னு நான் சொல்லலை. கார் டைமிங் செயினை நான் வீட்டுல தொட மாட்டேன். மாருதியோட கே சீரிஸ் பெட்ரோல் எஞ்சின்லயும் செயின்தான், ஸ்விஃப்ட் டீசல்ல வந்த ஃபியட்டோட 1.3 மல்டிஜெட்லயும் செயின்தான். அதுல முன் கவரைக் கழட்டவே எஞ்சினுக்கு அடியில முட்டுக் கொடுத்து மவுண்டைப் பிரிக்கணும், டீசல்ல கேமையும் கிராங்கையும் அசையாம பூட்டி வெக்க தனி டூல் வேணும். பிஎம்டபிள்யூவோட என்47 டீசல்ல அந்தப் புண்ணியவான்கள் செயினை எஞ்சினோட பின்பக்கம், கியர் பாக்ஸை ஒட்டி வெச்சுட்டாங்க. செயின் மாத்தணும்னா எஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்கணும். அது வீட்டு வாசல் வேலை இல்லை. ஜாக்கி மட்டும் வெச்சு காருக்கு அடியில படுக்கறது எந்த ஊர் தைரியமும் இல்லை.

ஆனா எது என்னால முடியும், எது முடியாதுன்னு நான் எப்படி முடிவு பண்ணேன்? படிச்சுத்தான். கார் மேனுவல் கண்ணுல பட்டதாலதான் தொட வேண்டாம்னு தெரிஞ்சது. புத்தகத்தைக் கொடுக்கலைன்னா ஜனங்க கை வெக்காம இருந்துருவாங்களா? வெப்பாங்க, சுத்தியலோட. "டமால் டமால்" வீடியோவுக்குப் பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுக்கறதே இந்தப் பூட்டுதான்.

நம்ம ஆளுங்க கிட்ட இன்னொரு சந்தேகம். தினமும் யாரோ எழுதி இலவசமாக் கொடுத்த லினக்ஸ் மேல உட்கார்ந்து சம்பாதிக்கறோம். டாகுமெண்டேஷன் சரியில்லைன்னா ஒரு லைப்ரரியைத் திட்டித் தீர்க்கறோம். சோர்ஸ் கோடு தராதவனை வில்லன்ங்கறோம். எண்பதாயிரம் கொடுத்து வாங்கின வண்டிக்கு மட்டும் ஒரு பக்கம் கூட தராம "எங்ககிட்ட வா"ன்னு சொன்னா சரின்னு தலையாட்டிட்டு வர்றோம். ஏன்?

நான் பண்ணப் போறது இவ்ளோதான். அண்ணனோட ஜெராக்ஸ் கட்டை பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி அவருக்கே பைண்டு பண்ணிக் கொடுத்தாச்சு. பொதுவுல ஏத்த முடியாது, அது கம்பெனி சொத்துன்னு வருவாங்க. அதனால நுகர்வோர் துறைக்கு தமிழ்லயே ஒரு மனு எழுதிட்டிருக்கேன். பைக்குகளுக்கும் மேனுவலை விலைக்காவது விக்கணும், ஃபால்ட் கோடு பட்டியலை எல்லாருக்கும் திறந்து வெக்கணும், அதுவும் அந்தந்த ஊர் பாஷையில. கையெழுத்துப் போட விருப்பம் இருக்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. சட்டம் தெரிஞ்ச பதிவர்கள் யாராவது வரைவைப் பார்த்துக் கொடுத்தா புண்ணியமா போகும். மாத்துக் கருத்து இருக்கறவங்களும் வாங்க. மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டற சக ஜாதிக்காரங்க கும்மிக்குக் கண்டிப்பா வரணும்.

டிஸ்கி 1: வண்டி இப்ப ஓடுது, அப்பா தினம் ஸ்கூலுக்கு அதுலதான் போறார். 500 கிலோமீட்டர்ல டேப்பெட்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி அண்ணன் உத்தரவு. பொங்கலுக்குப் போகும்போது பார்க்கணும்.

டிஸ்கி 2: வடிச்ச ஆயிலை சாக்கடையிலயோ மரத்தடியிலயோ ஊத்தாதீங்க. பழைய கேன்ல பிடிச்சு மெக்கானிக் கடையில கொடுத்தீங்கன்னா பழைய ஆயில் எடுக்க வர்றவங்ககிட்ட சேர்த்துக் கொடுத்துருவாங்க. எங்க அம்மா அதுல கொஞ்சம் மாட்டுக் கொட்டகை கதவுக் கீலுக்கு எடுத்து வெச்சுக்கிட்டாங்க, அது நம்ம கட்டுப்பாட்டுல இல்லை :-)